மூடி இல்லாத பாட்டிலைக் கேமராவுக்குக் காட்டிய கதை

காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை. வெளியே கொப்பரைக் களம். உள்ளே எண்ணெய் நிரப்பும் மெஷின், அடுத்து மூடி போடும் மெஷின், அதை ஒட்டி ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் ஓர் அக்கா உட்கார்ந்து, நிமிடத்துக்கு 120 பாட்டில் வீதம் ஓடுகிற வரிசையை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மூடி கோணலாக ஏறியிருக்கிறதா, பாதியில் நிற்கிறதா, மூடியே விழாமல் போய்விட்டதா என்று பார்ப்பதுதான் வேலை. மதியத்துக்கு மேல் கண் எரியும் என்றார். அந்த இடத்தில் கேமரா வைத்துத் தரமுடியுமா, அக்காவை லேபிள் பக்கம் மாற்றிக்கொள்கிறோம் என்று ஆலைக்காரர் கேட்டார். ஒப்புக்கொண்டேன்.

படத்தில் மூடியைத் தேடி, சாய்வையும் உயரத்தையும் அளக்கும் நிரல் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. மீதி நாள் எல்லாம் போனது ஒரே வேலைக்கு: ஓடுகிற பாட்டில் கேமராவுக்கு நேர் எதிரே வரும் கணத்தில் படம் எடுக்கவைப்பது. தொழிற்சாலைக் கேமராவை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு உதவும் என்று, தடுமாறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பாட்டிலுக்குப் பாட்டில் 200 மில்லிமீட்டர் இடைவெளி. நிமிடத்துக்கு 120 என்றால் நொடிக்கு இரண்டு. ஆக பெல்ட் நொடிக்கு 400 மில்லிமீட்டர் ஓடுகிறது. கேமராவில் இருப்பது சோனியின் ஐஎம்எக்ஸ்273 சென்சார், 1440 × 1080 பிக்சல், கறுப்பு வெள்ளை, கிகாபிட் ஈதர்நெட் இணைப்பு. 16 மில்லிமீட்டர் லென்ஸைப் பாட்டிலிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் தள்ளி வைத்தபோது, படத்தின் அகலத்தில் 72 மில்லிமீட்டர் விழுந்தது. ஒரு பிக்சலுக்கு 0.05 மில்லிமீட்டர்.

இந்த இரண்டு எண்ணையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிப் பேனல் கதவில் ஒட்டினேன். 1 மில்லிசெகண்ட் என்றால் 0.4 மில்லிமீட்டர், அதாவது 8 பிக்சல். அதற்கப்புறம் எந்தத் தாமதத்தைப் பற்றி யோசித்தாலும் நேரமாக யோசிக்கவில்லை, பாட்டில் நகரும் தூரமாகவே யோசித்தேன். "சென்சார் அரை மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டால் அது நல்லதா கெட்டதா என்று மனதுக்குப் படாது. 0.2 மில்லிமீட்டர் என்றால் உடனே புரிந்துவிடும்.

ஏன் சாதாரண வெப்கேமரா போதாது என்று ஆலைக்காரர் கேட்டார். ஒன்றை மாட்டிக் காட்டினேன். அதில் படம் மேலிருந்து கீழே வரிவரியாகப் பதிவாகும். முழுப் படமும் பதிய 20 மில்லிசெகண்ட் ஆனால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே பாட்டில் 8 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நேராக நிற்கும் பாட்டில் சாய்ந்த தூண் மாதிரி தெரிந்தது. கோணல் மூடியைக் கண்டுபிடிக்க வந்த இடத்தில் கேமராவே கோணலை உண்டாக்கினால் எப்படி? ஐஎம்எக்ஸ்273இல் எல்லா வரியும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடும். ஓடுகிற பொருளுக்கு இதில் சமரசம் கூடாது.

தானாக ஓடவிட்டு நொடிக்கு 30 படம் எடுத்தால் என்ன ஆகும் என்பதை அட்டைக் கணக்கே சொல்லிவிட்டது. இரண்டு படத்துக்கு நடுவே பாட்டில் 13 மில்லிமீட்டர் நகரும். ஒவ்வொரு பாட்டிலும் படத்தில் வெவ்வேறு இடத்தில் விழும், ஒரே பாட்டில் பல படத்தில் வரும். எந்தப் படம் எந்தப் பாட்டிலுக்கு என்று பிரிப்பதே தனி வேலையாகிவிடும். அதனால் ஒரு பாட்டிலுக்கு ஒரு ட்ரிகர் ("இப்போது எடு" என்று கேமராவுக்குப் போகும் சிக்னல்), ஒரு படம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தேன்.

முதலில் எளிய வழியைப் பார்த்தேன். ஒளிக்கற்றை சென்சாரை (பெல்ட்டுக்குக் குறுக்கே போகும் ஒளியைப் பாட்டில் மறைத்தால் சொல்லும்) ஒரு சிறு போர்டில் இணைத்து, யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லி, நிரலிலிருந்து கேமராவுக்கு "எடு" என்று கட்டளை அனுப்பினேன். பாட்டில் நடுவில்தான் வந்தது. ஆனால் 200 படத்தை வரிசையாக எடுத்து, பாட்டில் கழுத்தின் இடது ஓரம் எந்த பிக்சலில் இருக்கிறது என்று அளந்தபோது 90 பிக்சல் பரவல் இருந்தது. 4.5 மில்லிமீட்டர், நேரத்தில் 11 மில்லிசெகண்ட். கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் வேறு எதையோ செய்துகொண்டிருக்கும். அது நம் பாட்டிலுக்காகக் காத்திருக்காது. நிலையான தாமதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒருமுறை அளந்து கழித்துவிடலாம். பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் தாமதத்தைக் கழிக்க வழியே இல்லை. சென்சார் ஒயரை நேராகக் கேமராவின் உள்ளீட்டுப் பின்னுக்குக் கொண்டுபோனேன்.

கேமராவில் மாற்றியவை இவ்வளவுதான். ட்ரிகர் செலக்டரில் ஃபிரேம் ஸ்டார்ட், ட்ரிகர் மோடு ஆன், ட்ரிகர் சோர்ஸ் லைன் 1, ட்ரிகர் ஆக்டிவேஷன் ரைசிங் எட்ஜ் (சிக்னல் கீழிருந்து மேலே ஏறும் விளிம்பு). எக்ஸ்போஷர் (சென்சார் ஒளியை உள்வாங்கும் நேரம்) ஆட்டோவை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்தையும் பார்த்து அடுத்த படத்தின் வெளிச்சத்தை அதுவாகவே மாற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பெயர்கள் ஜெனிகேம் என்ற பொதுத் தரத்தில் வருபவை, அதனால் கம்பெனி மாறினாலும் ஏறக்குறைய இதே பெயர்கள்தான் இருக்கும். ட்ரிகர் மோடை ஆன் செய்துவிட்டு, படம் வரவில்லையே என்று ஒயரைக் கழற்றி மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நிரலிலிருந்து படப்பிடிப்பைத் தொடங்கும் கட்டளை போகாதவரை எத்தனை ட்ரிகர் வந்தாலும் கேமரா அசையாது.

ஒயர் போட்டதும் முதல் தவறு. ஆலையில் இருந்த சென்சார் என்பிஎன் வகை. பழுப்பு 24 வோல்ட், நீலம் 0, கறுப்பு சிக்னல். என்பிஎன் சென்சார் சிக்னலைக் கீழே இழுக்கும், தானாக மேலே தள்ளாது. கேமராவின் உள்ளீடு ஆப்டோ (சிக்னலை ஒளியாக மாற்றிக் கடத்தும் பாகம்) வழியாக மின்னோட்டம் உள்ளே பாய்ந்தால்தான் விழிக்கும். 2.2 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை 24 வோல்ட்டுக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே போட்டேன். படம் வந்தது, ஆனால் எல்லாப் படத்திலும் பாட்டில் ஏறக்குறைய முழுக்க வெளியே போயிருந்தது. ரெசிஸ்டர் போட்ட பிறகு சும்மா இருக்கும்போது சிக்னல் மேலே இருக்கும், பாட்டில் மறைக்கும்போது கீழே இறங்கும், பாட்டில் விலகும்போது மறுபடி ஏறும். நான் ஏறும் விளிம்பைக் கேட்டிருந்தேன். பாட்டில் வந்ததற்குப் பதிலாக அது போனதைக் கேமரா படம் பிடித்துக்கொண்டிருந்தது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாட்டில், 150 மில்லிசெகண்ட் தாமதம். கணக்கு அப்படியே ஒத்துப்போனது. மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து, சிக்னலைத் தானே மேலே தள்ளும் பிஎன்பி சென்சார் ஒன்று வாங்கிவந்து மாட்டினேன், ரெசிஸ்டர் தேவையில்லாமல் போனது. பரவல் 90 பிக்சலிலிருந்து 6 பிக்சலுக்கு இறங்கியது.

இனி சொல்லப்போவதுதான் இந்த வேலையில் என்னை அதிகம் யோசிக்கவைத்த விஷயம்.

மார்கழி மாதம். காலையில் ஏழு மணிக்கு, உற்பத்தி தொடங்கும் முன், முந்தின நாள் நிரப்பிய பத்துப் பாட்டிலை வாங்கிச் சுற்றவிட்டுச் சோதிப்பேன். பத்துக்குப் பத்து, ஒரு பாட்டிலுக்கு ஒரு படம். ஒன்பது மணிக்கு வரிசை ஓடத் தொடங்கியதும் ஒரு பாட்டிலுக்கு இரண்டு படம். மறுநாள் காலையில் மறுபடி சரி, ஒன்பது மணிக்கு மறுபடி இரண்டு. மோட்டார் சத்தத்தில் சிக்னல் கெடுகிறதா, தரை அதிர்கிறதா என்று ஒன்றரை நாள் தேடினேன். ஒயரை மாற்றினேன், சென்சார் தாங்கியை இறுக்கினேன். மூன்றாம் நாள் காலையில் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. உள்ளே எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குப் பக்கத்தில் உறையும். இரவு முழுக்கக் குளிரில் நின்ற பாட்டில் சுண்ணாம்புத் தூண் மாதிரி ஒளியை முழுக்க மறைத்தது. தொட்டியிலிருந்து இளஞ்சூட்டில் நிரம்பி வருகிற பாட்டிலோ தெளிந்த கண்ணாடி மாதிரி. உருண்டையான பாட்டிலில் தெளிந்த எண்ணெய் நின்றால் அது ஒரு லென்ஸ். முன் ஓரத்தில் கற்றை வளைந்து விலகிப்போகும், சென்சார் "பாட்டில்" என்று சொல்லும். நடுப்பகுதி வரும்போது கற்றை நேராக ஊடுருவிவிடும், "பாட்டில் போய்விட்டது" என்று சொல்லும். பின் ஓரத்தில் மறுபடி மறையும். ஒரு பாட்டில், இரண்டு துடிப்பு. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். கேமராவில் உள்ள டிபவுன்சர் மைக்ரோசெகண்ட் கணக்கில் வரும் சில்லறைத் துடிப்புகளை விழுங்குவதற்கானது. 35 மில்லிமீட்டர் என்பது 90 மில்லிசெகண்டுக்கு அருகே. அது விழுங்கக்கூடிய அளவில்லை.

ஒளிபுகாத இடம் எது? மூடி. பச்சை நிற பிளாஸ்டிக் மூடி, எந்தச் சூட்டிலும் ஒரே மாதிரி மறைக்கும். சென்சாரை மூடி உயரத்துக்கு ஏற்றினேன். அன்று முழுவதும் ஒரு பாட்டிலுக்கு ஒரு படம், ஒன்று கூடத் தவறவில்லை. வேலை முடிந்தது என்றே நினைத்துக் கருவிப்பெட்டியைக் கட்டத் தொடங்கினேன்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங் தம்பி, மூடி இல்லாத பாட்டில வுட்டா என்னங்க காட்டும்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு பாட்டிலின் மூடியைக் கழற்றிப் பெல்ட்டில் வைத்தார். பாட்டில் சென்சாரைத் தாண்டிப் போனது, கேமராவைத் தாண்டிப் போனது. திரையில் எதுவும் அசையவில்லை. மூடி இல்லாததால் கற்றை மறையவில்லை, ட்ரிகர் வரவில்லை, படமும் இல்லை. எந்தக் குறையைப் பிடிக்க இவ்வளவும் மாட்டினோமோ அந்தக் குறை மட்டும் கேமராவுக்குத் தெரியாமல் போகும்படி நானே அமைத்திருந்தேன். கருவிப்பெட்டியைத் திறந்தேன்.

அன்று இரவு எழுதிவைத்தது: சோதிக்கப்போகிற பகுதியை வைத்து ட்ரிகர் எடுக்கக் கூடாது. மூடியைச் சோதிக்கிறோம் என்றால் மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரக்கூடிய ஒன்றிலிருந்து ட்ரிகர் வரவேண்டும். அப்படியானால் பாட்டிலின் உடம்புதான். உடம்பு என்றால் இரட்டைத் துடிப்பு. அதை ஏற்றுக்கொண்டு, இரண்டாவது துடிப்பைக் கண்டுகொள்ளாமல் விட ஏற்பாடு செய்யவேண்டும்.

"முதல் துடிப்புக்குப் பின் 120 மில்லிசெகண்ட் எதையும் கேட்காதே" என்று சொன்னால் போதும் போலத் தோன்றும். ஆனால் பெல்ட் மோட்டாரை விஎஃப்டி, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, ஓட்டுகிறது. எண்ணெய் மெதுவாக வரும் நாளில் ஆபரேட்டர் வேகத்தைக் குறைப்பார். பாதி வேகத்தில் இரண்டாவது துடிப்பு 180 மில்லிசெகண்ட் கழித்து வரும், காத்திருப்பைத் தாண்டிவிடும். அதனால் நேரத்தை விட்டுவிட்டுத் தூரத்தை எண்ணினேன். பெல்ட்டின் அடியில் 200 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள அளவுச் சக்கரம், அதன் அச்சில் ஒரு சுற்றுக்கு 1000 துடிப்பு தரும் என்கோடர். ஒரு துடிப்புக்கு 0.2 மில்லிமீட்டர். முழு வேகத்தில் நொடிக்கு 2000 துடிப்பு. ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னக் கண்ட்ரோலர் போர்டு இதைச் சுலபமாக எண்ணி, கேமராவுக்கு ட்ரிகரும் கொடுக்கும். பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்தான், அதனால் சென்சாரும் என்கோடரும் ஆப்டோகப்ளர் வழியாகவே அதற்குள் வருகின்றன. சென்சாரின் முதல் துடிப்பு வந்ததும் 250 எண்ணிக்கை, அதாவது 50 மில்லிமீட்டர், எதையும் ஏற்காதே என்று எழுதினேன். 35க்கு மேல், பாட்டிலின் விட்டமான 60க்குக் கீழ். அதனால் இரண்டு பாட்டில் ஒட்டி வந்தாலும் இரண்டாவது தவறாது.

சென்சாரை எங்கே வைப்பது என்பதிலும் அப்போது ஒரு மாற்றம் செய்தேன். அதற்கு முன் கேமராவுக்கு 150 மில்லிமீட்டர் முன்னால் வைத்துவிட்டு, தாமதம் கொடுத்துப் பாட்டிலை நடுவுக்குக் கொண்டுவந்திருந்தேன். தாமதத்தை என்கோடரில் எண்ணினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்னால் பாட்டில் தேங்கினால் பெல்ட் அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும், பாட்டில் நின்றுவிடும். என்கோடருக்கு அது தெரியாது. ஆகவே தாமதமே தேவைப்படாத இடத்தைத் தேடினேன். பாட்டிலின் ஆரம் 30 மில்லிமீட்டர். கேமராவின் நடுக்கோட்டுக்கு 30 மில்லிமீட்டர் அப்பால், பாட்டில் போகும் திசையில், கற்றையை வைத்தால், பாட்டிலின் முன் ஓரம் கற்றையைத் தொடும் அதே கணத்தில் பாட்டிலின் நடு கேமராவின் நேர் எதிரே நிற்கும். கற்றை உடம்பின் உயரத்தில், கேமரா பார்ப்பது மூடியின் உயரத்தை. அதனால் சென்சார் படத்துக்குள் தலைகாட்டாது. வேகம் எவ்வளவு மாறினாலும், பாட்டில் தயங்கினாலும், படம் நடுவிலேயே விழுகிறது. இந்த ஒரு இடமாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு லிட்டர் பாட்டிலுக்கு ஆரம் 40 என்பதால் 50 எண்ணிக்கை தாமதம் கொடுத்தால் போதும்.

வெளிச்சம். பாட்டிலுக்குப் பின்னால் சிவப்பு எல்இடி பலகை, லென்ஸ் முன்னால் சிவப்பை மட்டும் விடும் ஃபில்டர். மூடி கறுப்பு நிழலாகத் துல்லியமாகத் தெரியும். படம் கலங்காமல் இருக்க எக்ஸ்போஷரை 100 மைக்ரோசெகண்டாக வைத்தேன். அந்த நேரத்தில் பாட்டில் 0.04 மில்லிமீட்டர், ஒரு பிக்சலுக்கும் குறைவாகவே நகரும். ஃபில்டர் போடுவதற்கு முன் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்தது ஷெட்டில் இருந்த பழைய சோக் ட்யூப்லைட்டால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 100 மைக்ரோசெகண்டில் எடுக்கும் படம் அந்த ஏற்ற இறக்கத்தின் ஏதோ ஒரு புள்ளியில் விழும்.

எல்இடியை எப்போதும் எரியவிடாமல் படத்துக்கு மட்டும் பளிச்சிட வைத்தேன். கேமராவே தன் எக்ஸ்போஷர் நேரத்தில் ஒரு சிக்னல் தரும், அதை வைத்து விளக்கை ஏற்றலாம். ஆனால் என் கேமராவின் வெளியீடும் ஆப்டோ வழியானது. சிக்னல் தாமதமாகி விளக்கு எரியத் தொடங்கும்போது ஷட்டர் திறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. 100 மைக்ரோசெகண்டில் அந்தக் கொஞ்ச நேரம் பெரிய பங்கு. அதனால் வரிசையை மாற்றினேன்: பிக்கோ முதலில் விளக்கை ஏற்றும், 50 மைக்ரோசெகண்ட் கழித்துக் கேமராவுக்கு ட்ரிகர், மொத்தம் 200 மைக்ரோசெகண்டில் விளக்கு அணையும். 50 மைக்ரோசெகண்டுக்கு விலை 0.02 மில்லிமீட்டர்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு புகார் வந்தது. கெட்ட பாட்டிலைத் தள்ளிவிடும் ஏர் சிலிண்டர் கேமராவுக்கு 600 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் மூன்று பாட்டில் வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றின் தீர்ப்பையும் பிக்கோ 3000 எண்ணிக்கை வரை நினைவில் வைத்திருக்க வேண்டும். நான்காம் நாள் நல்ல பாட்டிலைத் தள்ளிவிட்டுக் கோணல் மூடியைப் பெட்டிக்கு அனுப்பியது. எல்லாமே ஒன்று தள்ளி நடந்தது.

பிக்கோ எண்ணிய ட்ரிகர்களையும் கம்ப்யூட்டருக்கு வந்த படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் திரையில் காட்டினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். படம் ஒன்று குறைந்திருந்தது. கேமராவின் நெட்வொர்க் ஒயர், மோட்டார் ஒயரோடு ஒரே ட்ரேயில் போயிருந்தது. எப்போதாவது ஒரு படம் முழுதாக வந்துசேராமல் கழிந்துவிடும். என் நிரல் படங்களை வந்த வரிசையில் எண்ணிக்கொண்டிருந்ததால், ஒன்று குறைந்ததும் அதற்குப் பின் வந்த எல்லாத் தீர்ப்பும் பக்கத்துப் பாட்டிலுக்குப் போனது. ஷீல்டு உள்ள ஒயரைத் தனி வழியில் இழுத்தேன். நிரலில், கேமரா ஒவ்வொரு படத்தோடும் அனுப்பும் எண்ணைப் பிக்கோவின் எண்ணோடு பொருத்தினேன். படம் வராத பாட்டில் தானாகவே தள்ளப்படும்.

அதற்கும் ஒரு வால் இருந்தது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடி, ஓவர்டைம் ஓட்டிய ஒரு நாள் ராத்திரி மட்டும் மறுபடி ஒன்று தள்ளியது. இந்தக் கேமரா படத்துக்குத் தரும் எண் 16 பிட். 65535 வரை போய்விட்டு, 0ஐத் தொடாமல் மறுபடி 1இலிருந்து தொடங்கும். பூஜ்யம் அந்த நெறிமுறையில் வேறு காரணத்துக்காக ஒதுக்கப்பட்டது. நான் 65535க்குப் பின் 0 வரும் என்று எழுதியிருந்தேன். நிமிடத்துக்கு 120 பாட்டில் என்றால் 65535ஐ எட்ட ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டு மணி நேர ஷிஃப்டில் அது தெரியவே தெரியாது. ஒரு வரியைத் திருத்தினேன்.

கடைசி நாள் அக்காவையே சோதிக்கச் சொன்னேன். உறைந்த பாட்டில், தெளிந்த பாட்டில், கோணல் மூடி, பாதி ஏறிய மூடி, மூடியே இல்லாதது என்று தன் இஷ்டத்துக்குக் கலந்து 30 பாட்டிலைப் பெல்ட்டில் வைத்தார். ஆபரேட்டரிடம் சொல்லி நடுவில் வேகத்தையும் குறைக்கவைத்தார். மூடி இல்லாத ஐந்தும் சிலிண்டர் முன்னால் வந்து ஒவ்வொன்றாக ட்ரேயில் விழுந்தன. ட்ரேயில் கிடந்தவற்றை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு லேபிள் மெஷின் பக்கம் நடந்தார்.